பல வருஷம் நின்ன பழைய காரை எழுப்புறது எப்படி: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது, அப்பா கார், தாத்தா கார், சும்மா நிக்குது, ஓட வைக்கணும். படிக்க படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாருக்கும் சேத்து முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நின்ன காரை ஓட வைக்கறதுக்கு முன்னாடி அதை நிறுத்த முடியுமான்னு பாக்கணும். பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் லைன், இதெல்லாம் சரியானதுக்கு அப்புறம்தான் இன்ஜின் சத்தம். வர்ற பதில் எல்லாத்துலயும் இதைத்தான் திரும்ப திரும்ப சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க.

கேள்வி: எங்கப்பா ஓட்டின கார் சார். அவர் போனதுக்கு அப்புறம் யாரும் தொடல, இருபது வருஷத்துக்கு மேல ஷெட்லயே நிக்குது. இப்ப புது பேட்டரி வாங்கி வெச்சிருக்கேன். ஒரே ஒரு தடவை சாவி போட்டு திருப்பி பாக்கலாமா? அந்த சத்தத்தை கேக்கணும்னு அம்மாவும் ஆசைப்படறாங்க.

பதில்: அம்மாவுக்கு அந்த சத்தம் கண்டிப்பா கேக்கணும் தம்பி, அதுக்காகத்தான் சொல்றேன், இப்ப சாவியை தொடாதீங்க. உள்ள என்ன நடந்திருக்கும்னு பாருங்க. இத்தனை வருஷத்துல ஆயில் மொத்தமும் கீழ சம்ப்புக்கு வடிஞ்சிருக்கும், சிலிண்டர் சுவர்லயும் வால்வை திறக்கற கேம் மேலயும் ஆயில் படலம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. எந்த இன்ஜின் நின்னாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையிலதான் நிக்கும், அது வழியா காத்துல இருக்கற ஈரம் உள்ள போயி போர்ல, அதாவது சிலிண்டர் உள்சுவர்ல, மெல்லிசா துரு பிடிச்சு அந்த துருவே பிஸ்டன் ரிங்கை போரோட ஒட்டி வெச்சிருக்கும். இந்த நிலைமையில புது பேட்டரி பலத்துல செல்ஃப் அடிச்சா ரிங் உடையலாம், போர் கீறலாம், வால்வை தள்ற கம்பியான புஷ்ராடு, ஒட்டிக்கிட்ட வால்வு மேல முட்டி வளையலாம். கொஞ்சம் துடைச்சு ஆயில் விட்டா சரியாகியிருக்க வேண்டிய இன்ஜினை மொத்தமா பிரிக்கற நிலைமைக்கு கொண்டு போயிடும்.

அதனால இப்படி பண்ணுங்க. பிளக் எல்லாத்தையும் கழட்டுங்க, கழட்டின பிளக்கை எந்த சிலிண்டரோடதுன்னு வரிசையா வைங்க, அதோட மூஞ்சியே பாதி கதை சொல்லிடும், காஞ்சு கருப்பா இருந்தா ஒரு மாதிரி, துருப்பொடி ஒட்டியிருந்தா அந்த சிலிண்டர்ல தண்ணி போயிருக்கு. ஒவ்வொரு ஓட்டையிலயும் துரு இளக்கற எண்ணெய் கொஞ்சம் ஊத்திட்டு சில நாள் அப்படியே விட்டுடுங்க. அந்த நாள்ல ஏர் கிளீனரை திறந்து பாருங்க, எலி கூடு கட்டறதுக்கு அதை விட வசதியான இடம் கார்ல கிடையாது, சைலன்சர் குழாயையும் பாருங்க. அப்புறம் வால்வு கவரை கழட்டி உள்ள தெரியற வால்வு பாகங்க மேல தாராளமா ஆயில் விட்டு, கியரை நியூட்ரல்ல போட்டு, கிராங்க் புல்லி நட்டுல நீளமான ஸ்பேனர் மாட்டி இன்ஜின் சுத்தற திசையிலயே கையால மெதுவா திருப்புங்க. திரும்பினா ஒவ்வொரு வால்வும் கீழ இறங்கி மேல வருதான்னு கண்ணால பாருங்க. எங்கயாவது டக்குனு இடிச்சு நின்னா அங்கயே நிறுத்திடணும், ஸ்பேனர்ல பைப் சொருகி பலத்தை காட்டக்கூடாது. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருப்பு, சில இன்ஜின் வாரக்கணக்கா எடுத்துக்கும், எடுத்துக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை, கிராங்கையும் கேமையும் சேத்து சுத்த வைக்கறது உங்க கார்ல டைமிங் செயினா ரப்பர் பெல்ட்டான்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. 1962-ல வந்த கிளாஸ் 1004-ங்கற ஜெர்மன் கார்தான் ரப்பர் டைமிங் பெல்ட்டோட பெரிய அளவுல தயாரிச்ச முதல் கார், அதுக்கப்புறம் நெறைய கம்பெனி அந்த வழிக்கு வந்துடுச்சு. பெல்ட்டா இருந்தா பார்க்க நல்லா இருந்தாலும் இன்ஜினை சுத்தறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, நின்னு நின்னு காஞ்ச ரப்பர் எப்ப விடும்னு சொல்ல முடியாது, விட்டா பல இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல மோதிடும்.

கையால முழு சுத்து சுத்தினதுக்கு அப்புறம் பழைய ஆயிலை வடிச்சு புது ஆயில், புது ஃபில்டர் போடுங்க. பிளக் போடாம, ஓட்டை மேல துணி போட்டு, பிளக்குக்கு கரண்ட் அனுப்பற காயில் கனெக்‌ஷனை கழட்டிட்டு இப்ப செல்ஃப் அடிக்கலாம், கம்ப்ரஷன் இல்லாததால லேசா சுத்தும். ஆயில் பிரஷர் முள் ஏறுதா, இல்ல அந்த லைட் அணையுதா, அதுதான் நீங்க பாக்க வேண்டியது. விட்டு விட்டு அடிச்சும் பிரஷர் வரலைன்னா ஸ்டார்ட் பண்றதை பத்தி யோசிக்கவே வேண்டாம், ஆயில் பம்பை பாக்கணும். பிரஷர் வந்தாச்சுன்னா கம்ப்ரஷன் கேஜ் வெச்சு ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதி வைங்க. எண் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், ஒண்ணு மட்டும் ரொம்ப கீழ இருந்தா அங்கதான் வேலை.

பெட்ரோல் டேங்க்ல இருக்கறதை நம்பவே நம்பாதீங்க, மூடியை திறந்தா வார்னிஷ் வாடை அடிக்கும். டேங்க் லைனை கழட்டி தனியா வெச்சுட்டு சின்ன கேன்ல புது பெட்ரோல் வெச்சு அதுல இருந்து ட்யூப் குடுங்க, பக்கத்துல தீயணைக்கற சிலிண்டர் ஒண்ணு கட்டாயம் இருக்கணும். கார்புரேட்டரை பிரிச்சா ஃப்ளோட் சேம்பர் அடியில மஞ்சளா பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், ஜெட்டை கிளீனர்லயும் காத்துலயும் மட்டும் சுத்தம் பண்ணுங்க, கம்பி விட்டு குடைஞ்சா ஓட்டை பெருசாகி கார் என்னைக்கும் ஒழுங்கா ஐடில் ஆகாது. பிளக் தீப்பொறியை நேரத்துக்கு பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிப்யூட்டரோட பாயிண்ட் மேல ஆக்சைடு படிஞ்சிருக்கும், மெல்லிசா தேச்சு துடைச்சு மேனுவல்ல சொன்ன கேப் வைங்க, பெரும்பாலான கார்ல 0.4 மில்லிமீட்டர் பக்கம் வரும். இவ்வளவும் முடிச்சுட்டு அம்மாவை கூப்பிடுங்க.

கேள்வி: இன்ஜின் சூப்பரா ஓடுது சார், பிரேக் பெடல் மட்டும் தரை வரைக்கும் போகுது. ஆயில் ஊத்தி பம்ப் பண்ணா கொஞ்சம் பிடிக்குது. தெருவுக்குள்ள மட்டும் மெதுவா ஓட்டி பாக்கலாமா?

பதில்: கூடாது. தெருவுக்குள்ளயும் கூடாது, ஷெட் வாசல் வரைக்கும் கூட கூடாது. நான் கடுமையா சொல்றதா நினைக்காதீங்க, இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு விட்டுக்குடுக்க மனசு வராது.

பிரேக் ஆயில், அதாவது டாட் 3, டாட் 4 வகை, காத்துல இருக்கற ஈரத்தை தானா உறிஞ்சிக்கும். புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக்கூடாதுங்கறது விதி, அதுவே ஈரம் ஏறினதுக்கு அப்புறம் 155 டிகிரி தாங்கினா போதும்னு அந்த விதியே இறங்கி வந்துடுது. அந்த ஈரம் பல வருஷம் உள்ள நின்னா சிலிண்டரை அரிச்சிடும். சக்கரத்துல பிரேக்கை தள்ற ஒரு வீல் சிலிண்டரை கழட்டி டஸ்ட் கவரை விரல்ல உரிச்சு பாருங்க, ஆயில் இருக்க வேண்டிய இடத்துல பழுப்பு சேறு இருக்கும், பிஸ்டனை தள்ளினா நகராது, தட்டி வெளிய எடுத்து உள்சுவரை நகத்தால தடவினா குழி குழியா சிக்கும். அந்த குழி மேல எந்த புது ரப்பர் கப் போட்டாலும் கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். லேசான துருன்னா ஹோன் பண்ணலாம், அதாவது உள்ள தேச்சு வழவழப்பாக்கலாம், நகம் சிக்கிச்சுன்னா புது சிலிண்டர், இல்லைன்னா உள்ள ஸ்லீவ்ங்கற புது குழாய் போடணும்.

வெளிய பாக்க நல்லா இருக்கற ஃப்ளெக்சிபிள் ஹோஸ்தான் இதுல பெரிய துரோகி. உள்பக்க ரப்பர் ஊதி வழியை அடைச்சிடும், நீங்க அழுத்தும்போது ஆயில் போகும், காலை எடுத்தா திரும்பி வராது, ஒரு பக்க பிரேக் மட்டும் பிடிச்சுக்கிட்டே சூடாகும். எல்லா ஹோஸையும் கண்ணை மூடிட்டு மாத்துங்க. ஸ்டீல் பைப் துரு பிடிச்சிருந்தா தாமிர நிக்கல் கலவை பைப் போடுங்க, வளைக்கவும் ஈசி, துருவும் பிடிக்காது. இதுல ஏன் இவ்வளவு பிடிவாதம்னா 1960-கள் வரைக்கும் வந்த நிறைய கார்ல நாலு சக்கரத்துக்கும் சேத்து ஒரே சர்க்யூட், எங்கயாவது ஒரு இடத்துல ஒழுகினா நாலும் போச்சு. அதோட ஹேண்ட் பிரேக்கையும் முழுசா சரி பண்ணி வைங்க, கடைசி துணை அது ஒண்ணுதான்.

டிரம்மை திறக்கும்போது அந்த பொடியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது. ஈரத்துணியால துடைச்சு கவர்ல போட்டு கட்டுங்க, மாஸ்க் போடுங்க. சிலிகான் வகை டாட் 5 ஆயிலை மத்ததோட கலக்கவே கூடாது, பேர்ல ஒரு புள்ளி ஒண்ணு சேந்த டாட் 5.1 வேற, அது டாட் 3, டாட் 4 குடும்பத்தை சேந்தது. சிட்ரோயன்ங்கற பழைய பிரெஞ்சு கார் வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், 1960-களோட பின்பாதியில அந்த கம்பெனி தன்னோட ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் கார்ல பச்சை கலர் மினரல் ஆயிலுக்கு மாறிடுச்சு, அந்த சிஸ்டத்துல சாதாரண பிரேக் ஆயில் ஊத்தினா சீல் எல்லாம் கெட்டுடும்.

கேள்வி: டயர்ல பட்டன் அப்படியே புதுசா இருக்குங்க. காசு மிச்சம் பண்ணலாமா?

பதில்: பட்டனை பாக்காதீங்க, வயசை பாருங்க. சைடுல ஆங்கிலத்துல DOT-னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம். மூணு எண்தான் இருக்குன்னா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர், காரை ஷெட்ல தள்ளி நகத்தறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. ட்யூபும் ஸ்டெப்னியும் சேத்துதான் சொல்றேன்.

கேள்வி: என் கார் லெட், அதாவது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து கார். இப்ப கிடைக்கற பெட்ரோல் போட்டா இன்ஜின் வீணாயிடும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க, உண்மையா அண்ணே?

பதில்: பாதி உண்மை. பெட்ரோல்ல ஈயம் கலந்தா இன்ஜின் தட்டாதுன்னு 1921-ல தாமஸ் மிட்ஜ்லிங்கற அமெரிக்க இன்ஜினியர் கண்டுபிடிச்சாரு, 1923-ல விக்க ஆரம்பிச்சாங்க, மனுஷங்களுக்கு எவ்வளவு கெடுதல்னு தெரிஞ்ச பிறகும் உலகம் முழுக்க நிறுத்த 2021 ஆயிடுச்சு, கடைசியா விட்டது அல்ஜீரியா. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உக்கார்ற சீட் மேல ஒரு படலமா படிஞ்சு தேயாம காப்பாத்திட்டு இருந்தது. இப்ப அது இல்லாததால வார்ப்பிரும்பு ஹெட்ல நேரா வெட்டின சீட்னா, வேகமா ரொம்ப நேரம் ஓட்டினா மெல்ல தேஞ்சு வால்வு உள்ள இறங்கும். அலுமினியம் ஹெட்டா இருந்தா பெரும்பாலும் தனி சீட் போட்டுத்தான் வந்திருக்கும், கவலை கம்மி. நிதானமா ஓட்டறவங்க டேப்பட் கேப்பை, அதாவது வால்வு முனையில விடற சின்ன இடைவெளியை, அப்பப்ப அளந்து எழுதிட்டு வாங்க, கேப் வேகமா குறைஞ்சுட்டே வந்தா சீட் தேயுதுன்னு அர்த்தம், அப்ப ஹெட்டை இறக்கி கடின சீட் போட்டுக்கலாம். முன்கூட்டியே பயந்து ஹெட்டை கழட்ட வேண்டாம்.

எனக்கு அதை விட பெரிய கவலை இப்பத்த பெட்ரோல்ல கலக்கற எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸை, பம்ப் டயாஃப்ரமை, ஃப்ளோட்டை எல்லாம் ஊற வெச்சு கெடுத்துடும், ஈரத்தையும் இழுக்கும், ஈரம் அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்து துரு பிடிக்க வைக்கும். சூடான மேனிஃபோல்டுக்கு மேல போற ஒரு ட்யூப் வெடிச்சு சொட்டினா கார் மொத்தமும் எரியும், பழைய கார் தீப்பிடிக்கறதுக்கு பெட்ரோல் ஒழுக்கு ஒரு முக்கிய காரணம். எஸ்.ஏ.ஈ ஜே30 ஆர்9 (SAE J30 R9)-னு அச்சடிச்ச ஹோஸா பாத்து கேட்டு வாங்குங்க, கிளிப்பும் புதுசா போடுங்க. ஓட்டாம வைக்கற மாசங்கள்ல கார்புரேட்டரை காலி பண்ணிட்டு வைங்க.

கேள்வி: எந்த ஆயில் ஊத்தலாம்? இருக்கறதுலயே விலை அதிகமான சிந்தெடிக் வாங்கிட்டேன்.

பதில்: விலையை வெச்சு ஆயில் எடுக்காதீங்க. இப்பத்த காருக்கு செய்யற ஆயில்ல துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானத்தை குறைச்சுட்டாங்க, புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாம இருக்கணும்னு. உங்க இன்ஜின்ல கேம் தள்ற டேப்பட்ங்கற பாகம் தட்டையா கேம் மேல உரசி ஓடுது, அந்த சேர்மானம் இல்லைன்னா கேம் முனை தேயும். கிளாசிக் காருக்குன்னே தனியா வர்ற 20டபிள்யூ-50 மாதிரி ஆயில் இருக்கு, மேனுவல்ல சொன்ன கனத்துல அதை எடுங்க.

கேள்வி: பாக்க நல்லா இருந்தாத்தான் வேலை செய்ய உற்சாகம் வரும்னு முதல்ல பெயிண்ட் அடிச்சிடலாம்னு வீட்ல முடிவு பண்ணியிருக்கோம். அங்கங்க கொஞ்சம் துரு, பட்டி போட்டா மறைஞ்சிடும்ங்கறாங்க. சரிதானே மேடம்/சார்?

பதில்: சார்தான், பரவாயில்ல. அந்த முடிவை தயவு பண்ணி மாத்திக்கோங்க. வெளிய ரூபா வட்டம் அளவு துரு தெரிஞ்சா உள்பக்கம் அது பல மடங்கு பரவியிருக்கும், ஏன்னா தகடு பெரும்பாலும் உள்ள இருந்துதான் அழுகும், கதவுக்கு கீழ இருக்கற சில் பெட்டிக்குள்ள தண்ணி தேங்கித்தான் வேலையே ஆரம்பிக்குது. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி பாடி மேல மெதுவா இழுத்துட்டு போங்க. தகடு இருக்கற இடத்துல கையை இழுத்து பிடிக்கும், பட்டி கனமா இருக்கற இடத்துல வந்ததும் பிடி விட்டு நழுவும். அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போடுங்க. முடிச்சுட்டு ரெண்டு அடி தள்ளி நின்னு பாத்தா காரோட நிஜ வரைபடம் தெரியும். அப்புறம் அடியில படுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால சில், ஸ்ப்ரிங் மாட்டற இடம், ஜாக்கி வைக்கற இடம் எல்லாத்தையும் தட்டுங்க, கணீர்னு கேட்டா நல்ல தகடு, பொத்துனு கேட்டா குத்தி பாருங்க. படுக்கறதுக்கு முன்னாடி கார் ஸ்டாண்டு மேல இருக்கணும், வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகக்கூடாது, அதுவும் துரு பிடிச்ச இடத்துல ஸ்டாண்டு வெச்சுட்டு போகவே கூடாது.

அடியில தாங்கற தனி சேசிஸ் சட்டம் இல்லாத காரா இருந்தா சில்தான் காரோட முதுகெலும்பு. அதை வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குள்ள குறுக்க இரும்பு சட்டம் வெச்சு வெல்ட் பண்ணிட்டுத்தான் வெட்டணும், இல்லைன்னா கார் நடுவுல தொய்ஞ்சு அதுக்கப்புறம் கதவு என்னைக்கும் மூடாது. டிங்கரிங் பண்றவர் இதை செய்யறாரான்னு பக்கத்துல இருந்து பாருங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளிச்ச இடத்துல வெல்டிங் பண்ணவே கூடாது, அந்த சூட்டுல ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும், முதல் உலகப்போர்ல ஆளைக் கொல்ல பயன்படுத்தின அதே விஷம்.

இன்னொரு விஷயம், ஒரிஜினல் பெயிண்ட் நல்லா இருக்கற இடத்தை சுரண்டாதீங்களேன். 1966-ல ஆரம்பிச்ச ஃபீவாங்கற சர்வதேச பழைய வாகன கூட்டமைப்பு 2012-ல டூரின் சாசனம்னு ஒண்ணு ஏத்துக்கிச்சு, அதோட சாரமே பழைய வண்டியோட வரலாறு தெரியற தடயத்தை முடிஞ்ச வரைக்கும் காப்பாத்துங்கங்கறதுதான். மங்கின பெயிண்டை பாலிஷ் போட்டு வெச்சுக்கலாம், புதுசா அடிச்சிட்டா பழசு திரும்ப வராது. என் ஆசையும் அதுதான், தகடு உறுதியா இருக்கட்டும், மூஞ்சி வயசானபடியே இருக்கட்டும்.

கேள்வி: ஆர்வத்துல காரை மொத்தமா பிரிச்சிட்டேன் சார். இப்ப எது எங்க போகும்னே தெரியல.

பதில்: மனசை விட்டுடாதீங்க. அதே மாடலோட பார்ட்ஸ் புத்தகம் ஒண்ணு தேடி வாங்குங்க, ஒவ்வொரு அசெம்பிளியும் பிரிச்சு வரைஞ்ச படம் இருக்கும், அதை வெச்சு பிரேக் பாகத்தை மட்டும் முதல்ல பொறுக்கி ஒரு பெட்டியில சேருங்க. அதை முழுசா மாட்டி முடிச்சுட்டுத்தான் அடுத்த பெட்டி. உருட்டிட்டு போற நிலைமைக்கு கார் வந்துட்டா பாதி பாரம் இறங்கிடும். இன்னும் பிரிக்காதவங்க ஒரு நேரத்துல ஒரு சிஸ்டத்தை மட்டும் பிரிங்க, பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ, நட்டு போல்ட்டுக்கு தனி கவர், கவர் மேல பேர்.

கேள்வி: வயர் மேல துணி சுத்தியிருக்கு, நிறைய இடத்துல எலி கடிச்சிருக்கு. பேட்டரி குடுக்கவே பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயம்தான், அந்த காலத்து பிரிட்டிஷ் கார்ல ரெண்டே ரெண்டு ஃப்யூஸ் வெச்சு அனுப்பியிருக்காங்க, சில வயருக்கு ஃப்யூஸே இல்ல. முதல்ல எந்த பக்கம் எர்த், அதாவது பேட்டரியோட எந்த முனை பாடியோட சேருதுன்னு பாருங்க, 1960-கள் வரைக்கும் வந்த பல பிரிட்டிஷ் கார் பாசிட்டிவ் எர்த், இப்பத்த பழக்கத்துல நெகட்டிவ்வை பாடிக்கு குடுத்தா டைனமோல இருந்து ரேடியோ வரைக்கும் கெடலாம். ஆறு வோல்ட்டா பன்னெண்டான்னும் பாருங்க. அப்புறம் பேட்டரி வயரை நேரா குடுக்காம நடுவுல ஒரு ஹெட்லைட் பல்பை சேத்து குடுங்க. எல்லா ஸ்விட்சும் ஆஃப்ல இருக்கும்போது பல்பு பிரகாசமா எரிஞ்சா எங்கயோ ஷார்ட், ஆனா பல்பு கரண்டை தடுத்துடறதால வயர் எரியாது. ஒவ்வொரு கனெக்‌ஷனா கழட்டிட்டே வாங்க, எதை கழட்டினா அணையுதோ அங்க பிரச்சனை. எர்த் பாயிண்ட் எல்லாத்தையும் பளபளன்னு தேச்சு மாட்டுங்க, லைட் மங்கல், செல்ஃப் இழுக்காததுன்னு பாதி கோளாறு அதுலயே போயிடும். துணி உதிர்ந்து செம்பு தெரியுதுன்னா ஒட்டு போடாதீங்க, அதே கலர் வரிசையில புது ஹார்னஸ், அதாவது முழு வயர் தொகுப்பு போடுங்க.

கேள்வி: எல்லாம் முடிஞ்சது சார்! நாளைக்கு முதல் தடவை ரோட்டுக்கு எடுக்கறேன். கியர் மட்டும் விழ மாட்டேங்குது, கிளட்ச் அழுத்தினாலும் கர்ருங்குது.

பதில்: வாழ்த்துக்கள், படிச்சதும் எனக்கே கை பரபரங்குது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட துருவுல ஒட்டியிருக்கு. இன்ஜினை சூடு பண்ணி ஆஃப் பண்ணிட்டு, பெடலை அழுத்தி சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையை முட்டு குடுத்து ராத்திரி முழுக்க விடுங்க, நிறைய தடவை அதுலயே விட்டுடும். விடலைன்னா கியர்பாக்ஸை இறக்கிடுங்க, அதுக்காக முதல் ஓட்டம் தள்ளி போனாலும் போகட்டும்.

ரோட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு பாத்துடுங்க. வீல் நட்டை அளவு பாத்து இறுக்கற டார்க் ரென்ச்சால இறுக்குங்க. நடக்கற வேகத்துல போய் பிரேக் அழுத்துங்க, ஒரு பக்கம் இழுத்தா திரும்பி வாங்க. இழுக்கலைன்னா பத்து நிமிஷம் சுத்திட்டு வந்து நாலு டிரம்மையும் கையை பக்கத்துல கொண்டு போய் சூடு பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்க பிரேக் விடல. டெம்பரேச்சர் முள் ஏறிட்டே போனா ரேடியேட்டர் மட்டும் காரணம்னு நினைக்காதீங்க, பிளாக்குக்கு உள்ளயே துரு சேறு கட்டியிருக்கும், பிளாக் பக்கவாட்டு ஓட்டையை அடைச்சிருக்கற கோர் பிளக்கை எடுத்து தண்ணி விட்டு கழுவணும். ஆற விட்டுத்தான் மூடி திறக்கணும். வீல் நட்டை மறுபடி இறுக்குங்க, அடியில புதுசா என்ன சொட்டுதுன்னு அட்டை விரிச்சு பாருங்க, மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம் போங்க. கூட ஒருத்தர் வேற வண்டியில பின்னாடி வரட்டும், கயிறும் தீயணைக்கற சிலிண்டரும் அவங்க வண்டியில இருக்கட்டும்.